புது ஆள் பேச்சுக்குக் காதைப் பழக்குவது எப்படி?

நேர்காணல் ஆடியோவைக் கேட்டு டைப் அடிப்பதுதான் என் பிழைப்பு. புதுக் குரல் வந்தால் முதல் ஒரு நிமிடம் கீபோர்டைத் தொடாதீர்கள், சும்மா கேளுங்கள். பழக்கமில்லாத உச்சரிப்புக்குக் காது அவ்வளவு சீக்கிரம் பழகிவிடும் என்று கிளார்க், காரெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004-இல் சோதித்தே காட்டியிருக்கிறார்கள்.

அடுத்து, ஆள் எந்த ஒலியை எங்கே மாற்றுகிறார் என்று பிடியுங்கள். பழைய மெட்ராஸ்காரர் 'வாயப்பயம்' என்பார். மதுரைப் பக்கம் 'வாளப்பளம்'. ஒரு சொல்லில் பிடிபட்டால் போதும், 'கோயி'யும் 'கோளி'யும் தானாகக் கோழியாகிவிடும். தனியாக 'பயம்' வந்தால்தான் வம்பு, பழமா அச்சமா என்று தெரியாது. அவசரப்படாமல் 'கிலோ இன்னா வெல' வரும்வரை பொறுங்கள்.

இருமல், ஹாரன் விழுந்த இடத்தில் மட்டும் உங்கள் காதை நம்பாதீர்கள். 1970-இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் ஒரு சொல்லில் ஒலியை வெட்டிவிட்டு இருமலை வைத்தார். கேட்டவர்களுக்கோ சொல் முழுசாகவே கேட்டது! மூளை அப்படி இட்டு நிரப்பும். அந்த இடத்தில் ஆள்பெயரோ தொகையோ இருந்தால் ஊகிக்காதீர்கள், பேட்டி எடுத்தவரிடமே கேட்டுவிடுங்கள்.