ரஜாயை வீட்டு மெஷினில் துவைப்பது எப்படி

மாசி வெயில் ஏறத் தொடங்கியதும் ரஜாயை, அதாவது உள்ளே பஞ்சோ பாலியஸ்டரோ அடைத்துத் தைத்த தடிமனான போர்வையை, மடித்துப் பரணில் போட்டுவிடுவோம். துவைக்காமல் மட்டும் போடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் உடம்போடு ஒட்டிக் கிடந்த துணி அது, வியர்வையும் தலை எண்ணெயும் உள்ளே இறங்கியிருக்கும், அப்படியே வைத்தால் அடுத்த மார்கழியில் எடுக்கும்போது மக்கிய வாடைதான் வரும்.

முதலில் உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று பாருங்கள். ஜெய்ப்பூர் ரஜாய் போல பஞ்சு வைத்து, தையல் தள்ளித் தள்ளி இருந்தால் மெஷின் வேண்டவே வேண்டாம். பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கனத்து, ஒரு மூலைக்கு நகர்ந்து கட்டி தட்டிவிடும், அப்புறம் தையலைப் பிரித்துப் பஞ்சை அடித்துத்தான் சரி செய்ய வேண்டும். அதை வெயிலில் காயப்போட்டுத் தட்டி, மேலே போட்ட உறையை மட்டும் துவைத்தால் போதும். பாலியஸ்டர் அடைத்து நெருக்கமாகக் கட்டம் கட்டமாகத் தைத்ததென்றால் தாராளமாக மெஷினில் போடலாம். ஓரத்தில் உள்ள லேபிளையும் பாருங்கள்: தொட்டிப் படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரில் போடக் கூடாது, தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும்.

தையல் விட்ட இடத்தை முன்பே தைத்துவிடுங்கள். சாயம் போகுமா என்று பார்க்க, ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது மெஷின். 7 கிலோ என்று எழுதியிருப்பது காய்ந்த துணியின் எடை. ரஜாய் இரண்டு மூன்று கிலோதானே என்று நினைத்துத்தான் நானும் முதல் தடவை எங்கள் டபுள் ரஜாயை அழுத்தித் திணித்தேன். துவைத்து முடித்துப் பிரித்தால் நடு மடிப்பில் தண்ணீரே படவில்லை, சோப்புத்தூள் அங்கங்கே திட்டாக ஒட்டியிருந்தது. எடையை விட இடம்தான் முக்கியம். காய்ந்த ரஜாயைப் போட்டுப் பாருங்கள், மேலே ஒரு கை நுழைகிற அளவு காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய மெஷின் உள்ள லாண்டரிக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

டாப் லோடு என்றால் நீளமாக மடித்து, தொட்டியைச் சுற்றிக் கயிறு சுருட்டுவது போல வையுங்கள், பாரம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கும். தூளுக்குப் பதில் லிக்விட், அதுவும் வழக்கமாக ஊற்றுவதில் பாதி. கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்கும் திரவம் எதையும் ஊற்றாதீர்கள். போர்வைக்கென்று தனி புரோகிராம் இருந்தால் அதையே வையுங்கள், இல்லாவிட்டால் மென்மையான துவைப்பு, தண்ணீர் முழு அளவு, சூடு 30 அல்லது 40 டிகிரி. தடிமனான துணியில் சோப்பு தங்கும் என்பதால் ஒரு அலசல் கூடுதலாக வேண்டும். ஸ்பின் ஓடும்போது பக்கத்திலேயே இருங்கள். மெஷின் தடதடவென்று ஆடினால் நிறுத்தி, ரஜாயைப் பிரித்துச் சமமாக வைத்து மறுபடி ஓட்டுங்கள். பின்பக்கம் தண்ணீர் புகாத ஷீட் வைத்துத் தைத்ததை எந்த மெஷினிலும் போட வேண்டாம், ஸ்பின்னில் அதற்குள் தண்ணீர் தேங்கி மெஷினே குலுங்கும்.

எடுக்கும்போது ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் ஈரப் பாரத்தில் தையல் விட்டுப்போகும். இரண்டு கையாலும் அள்ளிக் கூடையில் போட்டு மாடிக்குக் கொண்டு போங்கள்.

காய வைப்பதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரும் கனமும் கீழ் ஓரத்துக்கு இறங்கிவிடும், அதனால் ஓரடி இடைவெளியில் இரண்டு மூன்று கொடி கட்டி அவற்றின் மேல் பரப்பிவிடுங்கள். காலையிலேயே போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பி, கட்டியாகத் தெரிகிற இடத்தை உள்ளங்கையால் தட்டிக் கொடுங்கள். மேல்துணி மதியமே காய்ந்துவிடும், அதை நம்பாதீர்கள். நடுவில் இரண்டு கையாலும் அமுக்கிப் பாருங்கள், கொஞ்சம் ஜில்லென்று இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னொரு நாள் வெயில் வேண்டும். பிறகு வீட்டுக்குள் ஒரு இரவு விரித்துச் சூடு ஆறவிட்டு, பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் பழைய பருத்திப் புடவையில் சுற்றி, நடுவே காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்துப் பரணில் ஏற்றுங்கள்.