வேலையும் படிப்பும் குடும்பமுமாக ஓடும் பிள்ளைக்குத் தோள் கொடுப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, மாலையில் குழந்தையைக் கவனித்து, இரவில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பாடநூலைப் பிரிக்கும் மகளிடம், "ஏன் இப்படி மெலிந்துவிட்டாய்?" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். "உதவி வேண்டுமா?" என்றாலும் "வேண்டாம் அம்மா" என்றுதான் பதில் வரும். "செவ்வாயும் வியாழனும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நான் அழைத்து வருகிறேன்" என்று நாளையும் வேலையையும் குறித்துச் சொல்லி, சொன்ன நாளில் தவறாமல் போய் நில்லுங்கள்.

சமையலில்தான் நம்மால் அதிகம் செய்ய முடியும். மூன்று நாளைக்கான இட்லி மாவு, எள் சேர்த்து இடித்த மிளகாய்ப்பொடி, புளிக்காய்ச்சல் ஆகியவற்றைக் கொடுத்தனுப்பினால் அவளுடைய காலைப் பரபரப்பு பாதியாகக் குறையும். தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், அதை விடுமுறை நாளில் அவளை உட்காரவைத்துப் பரிமாறுங்கள். அப்படி ஒரு ஞாயிறன்று என் மகள், சோறு பிசைந்த கை இலையில் இருக்கும்போதே உறங்கிவிட்டாள்; அவளை எழுப்பாமல் பேத்தியைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போனேன். அன்று அவளுக்கு வேண்டியிருந்தது அந்த அரை மணி நேரத் தூக்கம்தான்.

தேர்வு மாதத்தில் வரும் கல்யாணத்துக்கும் கோயில் கொடை விழாவுக்கும் அவள் சார்பில் நீங்களே போய்வாருங்கள். 50 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்று சட்டம் சொல்வதையும் அவளுக்குத் தெரியப்படுத்துங்கள். வாரக்கணக்கில் உறக்கமின்றி, எதற்கெடுத்தாலும் கண் கலங்கினால், 14416 என்ற கட்டணமில்லா டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அவள் பேசி முடிக்கும்வரை குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.