பழைய விளையாட்டு மேடையைக் கோழிக்கூடாக மாற்றுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கொல்லைப்புறத்தில் ஊஞ்சலும் சறுக்குமரமும் சேர்ந்த மர மேடை சும்மா நிற்கிறது. நான்கு கால்கள், இடையில் ஒரு தளம், மேலே கூரை. சுற்றி நாலு பலகையும் கொஞ்சம் வலையும் அடித்தால் கோழிக்கூடு தயார் என்று யாருக்குத்தான் தோன்றாது? எனக்கும் தோன்றியது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று கணக்குப் போட்டேன், இரண்டு மாதம் இழுத்தது. பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்ற நினைப்புதான் முதல் தவறு. மற்றதெல்லாம் அதிலிருந்து முளைத்தவை.

விளையாட்டு மேடை எந்தப் பக்கத்திலிருந்தும் ஏறுவதற்காகக் கட்டியது. கோழிக்கூடு ராத்திரியில் எந்தப் பக்கத்திலிருந்தும் எதுவும் ஏற முடியாதபடி இருக்க வேண்டும். இரண்டுக்கும் குணம் நேர் எதிர். உங்களுக்குக் கிடைத்திருப்பது காலும் சட்டமும் மட்டும்தான்.

மரத்தைப் பற்றி விசாரிக்காமல் ரம்பத்தை எடுப்பது

இதில்தான் அதிகம் கவனம் வேண்டும். வெளியில் நிற்கும் மரம் உளுக்காமல் இருக்க அதற்கு மருந்து ஏற்றுவார்கள். பல ஆண்டுகள் பரவலாகப் பயன்பட்டது குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கலவை. அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு இதை ஏற்றுவது 2003 இறுதியோடு நின்றது. ஆனால் அதற்கு முன் கட்டியவை இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. ஆர்சனிக் மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மேடையின் காலடி மண்ணில் இறங்கும். குழந்தை அந்த மண்ணில் ஒரு மணி நேரம் விளையாடும். கோழியோ நாள் முழுக்க அதையே கிளறிக் கொத்தித் தின்னும், அப்புறம் நமக்கு முட்டை தரும்.

பச்சைச் சாயலை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது, ஆர்சனிக் இல்லாத புதிய செம்பு மருந்துகளும் மரத்தைப் பச்சையாக்கும். எப்போது வாங்கியது, என்ன மரம் என்பதற்குச் சரியான பதில் இல்லையென்றால் அந்த மரம் கோழிக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது, விறகாக எரிக்கவும் கூடாது. தூசியிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும்.

பழைய வண்ணம் உரிந்து நின்றால் அதில் ஈயம் இருக்கலாம். உதிர்ந்த செதில்களைக் கோழி விடாது, பொறுக்கித் தின்றுவிடும். ஈயம் மஞ்சள் கரு வரைக்கும் போய்ச் சேரும். மேடைக்குக் கீழே ரப்பர்த் துண்டுகள் கொட்டியிருந்தால் அதையும் முழுசாக அள்ளி எடுங்கள். கழற்றும்போது விழும் திருகாணி, ஆணி, கயிற்று நூல் எல்லாமே கோழிக்குத் தீனிதான். வேலை முடிந்ததும் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி மண்மேல் இழுத்துப் பாருங்கள், எவ்வளவு ஒட்டுகிறது என்று நீங்களே அசந்துபோவீர்கள்.

ஊஞ்சல் கட்டையை அவசரப்பட்டு அறுப்பது

பல மேடைகளில் ஊஞ்சல் தொங்கும் நீளக் கட்டைதான் கோபுரத்தை ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்த பிறகு மேடை ஆடும். போதாக்குறைக்கு, இதுவரை காற்று ஊடே போய்க்கொண்டிருந்த சட்டத்துக்கு நீங்கள் சுவர் வைக்கிறீர்கள். பாய்மரம் கட்டியது போல ஆகிவிடும். காலுக்குக் கால் குறுக்குக் கட்டை அடித்து, மண்ணில் நங்கூரம் போட்டபிறகுதான் சுவர் வைக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒவ்வொரு காலடியிலும் மண்ணைக் கொஞ்சம் தோண்டி, ஸ்க்ரூ டிரைவரால் மரத்தைக் குத்திப் பாருங்கள். மேலே கல் மாதிரி இருக்கும் கால், மண் மட்டத்தில் புட்டு மாதிரி உதிரும்.

கட்டையை எடுக்காமலே விட்டு, அதன்மேல் இரு பக்கமும் வலையைச் சரித்துவிட்டால் மேய்ச்சல் இடத்துக்குக் கூரையாகும். எனக்கு இது கடைசியில்தான் உறைத்தது.

சறுக்குமரத்தைப் பாதையாக வைப்பது

பார்க்க அழகாக இருக்கும், படம் எடுக்கவும் நன்றாக இருக்கும். கோழி அதில் ஏறாது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் நகம் பிடிக்காது. ஏறப் பார்த்துச் சறுக்கி, இறக்கையை அடித்துக்கொண்டு கீழே வரும்.

தளம் நாலைந்து அடி உயரத்தில் இருப்பதுதான் பிரச்சினையின் வேர். கனத்த பெட்டைக் கோழி தினமும் அங்கிருந்து குதித்தால் காலில் அடிபடும், பாதத்தில் காயம் பட்டுச் சீழ் வைக்கும், நெஞ்செலும்பும் உடையலாம். முடிந்தால் தளத்தையே இரண்டு, இரண்டரை அடிக்கு இறக்கிவிடுங்கள். பாதைப் பலகை அகலமாகவும், ஏணி போல நிமிர்ந்து நிற்காமல் நன்றாகச் சாய்ந்தும் இருக்கட்டும். நாலைந்து அங்குலத்துக்கு ஒரு சிறு குறுக்குப் பட்டை அடித்தால் கால் பிடிக்கும். குழந்தைகளின் வட்டக்கம்பி ஏணியை அப்படியே விடாதீர்கள். அதில் கோழி ஏறத் தடுமாறும், பூனைக்கு அது படிக்கட்டு.

கோழி வலையை நம்புவது

அறுகோணக் கண் வைத்த மெல்லிய வலைக்குக் கோழி வலை என்று பெயர் இருப்பதாலேயே பலர் ஏமாறுகிறார்கள். அது கோழியை உள்ளே வைக்கும், அவ்வளவுதான். நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். கண் பெரிதாக இருந்தால் எலியும் பாம்பும் அதன் வழியாகவே வரும். தேவை அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலை. அதையும் ஸ்டேப்ளர் ஊசியால் மட்டும் அடிக்காமல், மேலே ஒரு மரப்பட்டை வைத்துத் திருகாணி போட்டு இறுக்குங்கள். கீழே தோண்டி வரும் விலங்குகளுக்காக வலையைச் சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மண்மேல் விரித்து மூடுங்கள். தோண்டுகிற பிராணி சுவரை ஒட்டித்தான் தொடங்கும், வலை தடுத்ததும் பின்வாங்கித் தொடங்கத் தெரியாது.

கதவுக்கு வெறும் கொக்கி போதாது. கீரியும் மரநாயும் கொஞ்சம் இடைவெளி கிடைத்தால் நெம்பி உள்ளே போய்விடும். கதவு சட்டத்தோடு இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

மூடுகிறேன் பேர்வழி என்று மூச்சை அடைப்பது

வலைப் பாடம் கற்றவர்கள் அடுத்து செய்வது நாலு பக்கமும் பிளைவுட் அடிப்பது. கோழி ராத்திரி முழுக்க எச்சமிடும். அதிலிருந்து அமோனியா கிளம்பும். காலையில் கதவைத் திறந்ததும் உங்கள் கண் எரிந்தால், கோழியின் நுரையீரல் என்ன பாடுபட்டிருக்கும்? கூரைக்குக் கீழே, கோழிகள் அடையும் கழியைவிட உயரமாக, எதிரெதிர்ப் பக்கங்களில் திறப்பு விட்டு வலை அடியுங்கள். காற்று தலைக்கு மேலே போகட்டும், உடம்பில் நேரடியாக அடிக்கக் கூடாது.

விளையாட்டு மேடை பெரும்பாலும் மொட்டை வெயிலில்தான் நிற்கும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தள்ளும். தார்ப்பாய்க் கூரையை மாற்றி, சுவரைத் தாண்டி நீட்டிய தகரமோ பலகையோ போடுங்கள். தகரம் என்றால் அதன் அடியில் ஒரு பலகை இருக்கட்டும். மழைச்சாரலில் கூட்டின் உள்தரை நனைந்தால் கோழிக்கு ரத்தக்கழிச்சல் வரும் வாய்ப்பு கூடும்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. தளப் பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளும் பழைய போல்ட் துளைகளும் சிவப்புச் செள்ளுக்குச் சொந்த வீடு. பகலில் அங்கே ஒளிந்திருந்து ராத்திரியில் ரத்தம் குடிக்கும். மேலே ஒரே தாளாகப் பலகை போட்டு இடுக்குகளை அடைத்துவிடுங்கள். முட்டையிடும் பெட்டி அடையும் கழியைவிடத் தாழ்வாக இருக்கட்டும், இல்லையென்றால் பெட்டியிலேயே தூங்கி அசிங்கம் பண்ணும். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி போதும். நாலுக்கு நாலு அடித் தளத்தில் நாலு கோழிக்கு மேல் விடாதீர்கள், பகலில் திரியத் தனி இடமும் வேண்டும். அப்புறம், குழந்தை உயரத்துக்குக் கட்டிய அறைக்குள் நீங்கள் குனிந்து புகுந்து எச்சம் அள்ள வேண்டியிருக்கும். ஒரு சுவரையே முழுக் கதவாக்கிவிடுங்கள், முதுகு தப்பிக்கும்.

புதுக் கோழிகளை வந்த அன்றே வெளியே விடுவதும் ஒரு தவறுதான். ஒரு வாரமாவது உள்ளேயே அடைத்து வைத்தால்தான் இதுதான் வீடு என்று பழகும். நான் பொறுமையில்லாமல் மறுநாளே திறந்துவிட்டேன். அந்தி சாய்ந்ததும் இருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேடி, நான் இன்னும் வலை போடாமல் விட்டிருந்த ஊஞ்சல் கட்டைமேல் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொண்டன. டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கி முடிக்க ராத்திரி ஒன்பதாகிவிட்டது.