பால்கனி பீமில் கம்பி மாறிக் கிடந்தது: சரிசெய்த விதம்

கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகைத் தளம்) மேல் ஏறிப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் தூணில் பிடித்து, 5 அடி வெளியே நீளும் கேன்டிலீவர் பீமில் 16 எம்எம் கம்பிகள் கீழேயும் 12 எம்எம் மேலேயும் கிடந்தன. "எல்லா பீமுக்கும் இப்படித்தானே சார் கட்டுறோம்" என்றார் மேஸ்திரி.

இரண்டு பக்கமும் தூணில் உட்காரும் பீமுக்கு நடுவில் அது சரிதான். அங்கே அடிப்பக்கம்தான் இழுபடும். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கும் பீம் நுனியில் தொங்கப் பார்க்கும், மேல்பக்கம் இழுபடும். கான்கிரீட் இழுவிசையைத் தாங்காது, கம்பிதான் தாங்க வேண்டும். இதைத் தரையில் கோடு போட்டுக் காட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

கட்டுக்கம்பியை வெட்டி, 16 எம்எம்மை மேலே மாற்றினோம். அது உள்பக்கம் 2 அடிதான் போயிருந்தது. எம்25 தர கான்கிரீட், எஃப்இ500 தரக் கம்பி என்றால் கான்கிரீட்டுக்குள் கம்பியின் பிடிமானத்துக்கே அதன் குறுக்களவைப் போல 49 மடங்கு, சுமார் 31 அங்குலம் வேண்டும். பொறியாளர் நீட்டலின் ஒன்றரை மடங்கு, அதாவது ஏழரை அடி உள்ளே விடச் சொன்னார். புதுக்கம்பியே வாங்கினோம்.

கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் அடியிலும் பக்கத்திலும், கம்பி பலகையில் ஒட்டாமல் இடைவெளி விட 25 எம்எம் கவர் பிளாக் வைத்தோம். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மேல்கம்பியை மிதித்தால் அது கீழே இறங்கிவிடும்; அதனால் பலகை போட்டு நடக்க வைத்தேன். அப்புறம் தாங்கி நின்ற முட்டுக்கால்களைப் பிரிக்கும்போது நுனியில் தொடங்கித் தூண் பக்கமாக வந்தோம்.