பழைய பிக்கப்புக்கு நல்ல ஹெட்லைட்: குறைந்த செலவில், சரியான வரிசையில்

தைப்பூசம் நெருங்கும் நாட்களில் ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிக்கு ராத்திரியில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். சாலையின் இடது ஓரம் நெடுக பாதயாத்திரை பக்தர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். காவடியோடு சிலர், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு சிலர். எதிரே வரும் லாரி பிரைட்டைக் குறைக்காமல் வந்தால், அந்த ஓரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே நமக்குத் தெரியாமல் போகும். எங்கள் வீட்டு 2011 மாடல் பொலேரோ பிக்கப்பில் காய்கறி ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுப் பக்கம் போகும்போது ஒரு ராத்திரி அப்படித்தான் ஆனது. பத்தடி தள்ளி நடந்த ஒரு அம்மாவைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

மறுநாளே கடைக்குப் போய் பளிச்சென்று எரியும் எல்இடி பல்பு வாங்கி மாட்டினேன். அது தப்பு. பழைய வண்டியில் வெளிச்சம் குறைவதற்குப் பெரும்பாலும் பல்பு காரணமாக இருப்பதில்லை. எர்த் (கரன்ட் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), வயர், மங்கிய கண்ணாடி, திசை மாறிய பீம் ஆகியவைதான் காரணம். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. அதனால் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் போவோம்.

முதலில் பல்பைக் கழற்றிப் பாருங்கள்

பானெட்டைத் திறந்து, ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் கப்ளரை இழுத்து, ரப்பர் மூடியை எடுத்தால் பல்பு தெரியும். மூன்று தகடு நீட்டிக்கொண்டு, உள்ளே இரண்டு இழை இருந்தால் அது எச்4 வகை. 12 வோல்ட், 60/55 வாட் என்று அதிலேயே பொறித்திருக்கும். பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. கீழே நான் எழுதுவதெல்லாம் இந்த வகைக்குத்தான். உங்கள் வண்டியில் வேறு வகை இருந்தால் பல்பின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்; மற்ற படிகளில் பெரிய மாற்றமில்லை.

பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். கையிலிருக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் அதிகமாகச் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும். தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பழைய பல்பின் உள்பக்கம் கறுத்துப் புகை படிந்ததுபோல் இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

கண்ணாடியும் டோமும்

பல்பு உட்காரும் முழு ஹெட்லைட் கூட்டைத்தான் டோம் என்கிறோம். அதன் முகப்பை நகத்தால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி என்றால் சத்தத்திலேயே தெரியும், சோப்புத் தண்ணீர் போதும். பிளாஸ்டிக் என்றால் வெயிலில் மஞ்சளித்திருக்கும். சுற்றிலும் பெயின்ட் மேல் டேப் ஒட்டிவிட்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். முதலில் 1000 நம்பர் பேப்பர், அப்புறம் 2000, கடைசியாக 3000. பிறகு ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் துணியால் தேய்த்தால் தெளிந்துவிடும். இதோடு விட்டுவிட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சளிக்கும். வெயிலைத் தாங்கும் கிளியர் கோட் ஒரு பூச்சு அடித்தால்தான் நிற்கும். பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள்; அது கொஞ்ச நாளைக்குத்தான்.

அடுத்து, பல்பு போகும் துளை வழியாக உள்ளே டார்ச் அடித்து, பல்புக்குப் பின்னால் இருக்கும் வெள்ளிப் பூச்சைப் பாருங்கள். அது மங்கியோ உரிந்தோ போயிருந்தால் எவ்வளவு நல்ல பல்பு போட்டாலும் பயனில்லை. உள்ளே துணி விட்டுத் துடைத்தால் மெல்லிய அந்தப் பூச்சு இன்னும் கெடும். டோமை முழுதாக மாற்றுவதுதான் வழி. லூமாக்ஸ், யூனோ மிண்டா போன்ற நம் நாட்டுத் தயாரிப்புகள் ஸ்பேர் கடைகளில் கிடைக்கும். சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய டோம் வாங்குவதானால், விலை கேட்பதற்கு முன் அந்த வெள்ளிப் பூச்சைப் பாருங்கள்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். நம் ஊர் டோமில் டிம் போட்டால் வெளிச்சம் வலது பக்கம் தாழ்ந்தும் இடது ஓரத்தில் கொஞ்சம் ஏறியும் விழும். எதிரே வருகிறவர் கண்ணில் படாமல், ஓரத்தில் நடக்கிறவர்மேல் படுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான டோம் இதற்கு நேர் எதிர். அதை மாட்டினால் எதிரே வருகிறவர் கண் கூசும், பாதயாத்திரைக்காரர் இருட்டில் நிற்பார்.

வோல்ட்டேஜை அளந்து பாருங்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைச் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். சாதாரண மல்டிமீட்டர் போதும். இல்லாவிட்டால் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை.

வண்டியை ஸ்டார்ட் செய்து டிம் லைட்டைப் போடுங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தால் 13.5-லிருந்து 14.4-க்குள் இருக்கும். அதன்பின் பல்பின் கப்ளரில் அளக்க வேண்டும். கப்ளரைக் கழற்றாமல், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, பின்பக்கமாக மீட்டர் ஊசியைச் செருகி அளப்பது முக்கியம். கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால் கரன்ட் ஓடாது, அதனால் துருப்பிடித்த வயர்கூட முழு வோல்ட்டேஜ் காட்டி ஏமாற்றும். நானும் முதல் தடவை அப்படி அளந்துவிட்டு வயரிங் நன்றாக இருக்கிறது என்று நம்பினேன்.

எங்கள் வண்டியில் பேட்டரியில் 13.9, பல்பில் 11.8. இரண்டு வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். பத்து சதவீதம் வோல்ட்டேஜ் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். அந்தக் கணக்கில் எங்கள் வண்டி கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் அதோடுதான் ஓட்டியிருக்கிறோம்.

அடுத்து எர்த். ஒரு ஊசியைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை பல்பின் எர்த் வயரிலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. எங்களுக்கு 0.7 காட்டியது. எர்த் வயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவை எமரி பேப்பரால் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். 0.1-க்கு இறங்கியது. செலவு ஒன்றுமில்லை.

ரிலே போடுங்கள்

மீதி வோல்ட்டேஜ் எங்கே போனது? பல பழைய வண்டிகளில் ஹெட்லைட்டின் முழு கரன்ட்டும் பேட்டரியிலிருந்து ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வரை போய், அங்கிருந்து திரும்பி முன்னால் வருகிறது. மெல்லிய வயர், தேய்ந்த ஸ்விட்ச், பத்து ஆம்பியர் கரன்ட். ஸ்விட்ச் சூடாகி உருகுவதும் இதனால்தான்.

ரிலே என்பது சிறு கரன்ட்டால் இயங்கி, பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் ஒரு ஸ்விட்ச். அதைப் போட்டால் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாக ரிலேவை இயக்கும் சிறு கரன்ட் மட்டும் போகும். பல்புக்கு வேண்டிய கரன்ட் பேட்டரியிலிருந்து நேராக, தடித்த வயரில் வரும். கடையில் எச்4 ரிலே கிட் என்று கேட்டால் தருவார்கள்: இரண்டு ரிலே, பீங்கான் ஹோல்டர் இரண்டு, பியூஸ், வயர் எல்லாம் சேர்ந்து வரும். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலுறை தடித்து உள்ளே செம்பு நாலே இழை இருக்கும் கிட்டும் விற்கிறார்கள்.

மாட்டும் முறை இதுதான். பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிடுங்கள். பழைய கப்ளர்களில் ஒன்றைக் கிட்டின் ஆண் முனையில் செருகுங்கள். அது இனிமேல் ரிலேவுக்குச் சைகை தருவதற்கு மட்டும்தான். மற்றொன்றை டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். கிட்டின் இரண்டு புது ஹோல்டரையும் பல்புகளில் மாட்டுங்கள். எர்த் வளையங்களைப் பெயின்ட் சுரண்டிய பாடி இடத்தில் இறுக்குங்கள். பாசிட்டிவ் வயர் பேட்டரிக்குப் போகும் வழியில், பேட்டரிக்கு வெகு அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் தள்ளியிருந்தால் இடையில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. ரிலேயைத் தகடுகள் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள், மழைத் தண்ணீர் தங்காது. சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் வயரைக் கொண்டுபோகாதீர்கள்.

சில ஜப்பானிய வண்டிகளில் ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அதற்கு இந்த கிட் அப்படியே வேலை செய்யாது. எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முடிந்ததும் மறுபடி அளந்தோம். பல்பில் 13.5. அதே பழைய பல்பு, ஆனால் வீட்டு முன் சுவர் வேறு மாதிரி தெரிந்தது.

இப்போது பல்பு

நல்ல நிறுவனத்தின் சாதாரண 60/55 ஹாலஜன் ஒரு ஜோடி போதும் என்பது என் கருத்து. பிலிப்ஸ், ஓஸ்ராம் எதுவானாலும் சரி, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். இன்னும் வேண்டுமென்றால் அதே வாட்டில் கூடுதல் வெளிச்சம் தரும் உயர் ரகங்கள் இருக்கின்றன. இழையை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். வெளிச்சம் கூடும், ஆயுள் குறையும். வெள்ளை வெளிச்சத்துக்காக நீலப் பூச்சு பூசிய பல்பு வேண்டாம். அந்தப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

100/90 வாட் பல்பைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். இரண்டு பல்பும் பிரைட்டில் எரியும்போது பதினாறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வயரிங் அதைத் தாங்காது. சூட்டில் ஹோல்டர் உருகும், வெள்ளிப் பூச்சு கருகும். தொடாதீர்கள்.

எல்இடி எப்போதும் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் டோம், இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. எல்இடி சில்லு மில்லிமீட்டர் கணக்கில் தள்ளியிருந்தாலும் வெளிச்சம் சிதறும். நான் முதலில் வாங்கியது அப்படித்தான்: பக்கத்துச் சாலை வெள்ளையாகப் பளபளத்தது, தூரம் தெரியவில்லை, எதிரே வந்த ஒவ்வொருவரும் எனக்கு பிரைட் அடித்துக் காட்டினார்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால், சில்லுகள் மெல்லிய தண்டில் இழையின் இடத்திலேயே இருக்கும் ரகத்தை, திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையில் வாங்குங்கள். சில்லுகள் இடமும் வலமும் பார்க்கும்படி மாட்டி, சுவரில் டிம் அடித்துப் பாருங்கள். மேல் விளிம்பு கோடு கிழித்ததுபோல் தெரியவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் லூமன் கணக்கை நம்பாதீர்கள். சாதாரண எச்4 பிரைட்டில் 1650, டிம்மில் 1000 லூமன்தான் தருகிறது. ஆயிரக்கணக்கில் கூட எழுதியிருக்கும் பெட்டிகளைவிட சுவரில் விழும் அந்தக் கோடுதான் உண்மையைச் சொல்லும்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றத் தடை விதிக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். சரக்கு வண்டி எஃப்சிக்கு (தகுதிச் சான்றுச் சோதனைக்கு) போகிற வண்டி. ரிலேயும் அதே வாட் பல்பும் வைத்துக்கொண்டால் அங்கே பேச வேண்டியிருக்காது.

லோடோடு பீமைச் சரிசெய்யுங்கள்

கார்களுக்கான விளக்கங்களில் இது இருக்காது. பிக்கப்பில் லோடு ஏறியதும் பின்பக்க ஸ்பிரிங் பட்டை அமுங்கி, மூக்கு மேலே தூக்கும். காலி வண்டியில் சரியாக இருந்த டிம், லோடோடு எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போகும். எங்கள் வண்டி ராத்திரி லோடோடு போய், பகலில் காலியாகத் திரும்புவது. அதனால் மூட்டை ஏற்றிய பிறகுதான் பீம் வைத்தோம். டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று திருகு இருக்கும் வண்டிகளில், காலியாக 0-வில் வைத்துச் சரிசெய்துவிட்டு, லோடு ஏறினால் திருகைக் கூட்டிக்கொள்ளலாம்.

டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஆள் உட்காரட்டும். சமதளத்தில் சுவருக்கு நேராக 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். தரையிலிருந்து பல்பின் நடு உயரத்தை அளந்து, அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். டிம் போட்டு, ஒரு பக்க விளக்கை அட்டையால் மறைத்துக்கொண்டு மறுபக்கத்தைப் பாருங்கள். வெளிச்சத்தின் தட்டையான மேல் விளிம்பு டேப்புக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். அந்த விளிம்பு இடது பக்கம் ஏறத் தொடங்கும் முனை, அந்த விளக்குக்கு நேர் எதிரே வர வேண்டும். டோமின் பின்னால் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று மேல்கீழ், இன்னொன்று பக்கவாட்டு. கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள், ஒரேயடியாகத் திருப்பாதீர்கள். கண் கூசாமலிருக்க ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது நம் பக்கத்து வழக்கம். அது இந்த வேலைக்கு ஈடாகாது.

அன்று ராத்திரியே பழனி சாலையில் போய்ப் பார்த்தேன். டிம்மிலேயே இடது ஓரத்து மைல்கல், புளியமரம், நடந்து போகிறவர் கால் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தது. எதிரே வந்த யாரும் பிரைட் அடிக்கவில்லை.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு எர்த் போல்ட்டையும் பியூஸ் ஹோல்டரையும் தொட்டுப் பாருங்கள். பியூஸ் ஹோல்டர் சூடாக இருந்தால் உள்ளே பிடிப்பு தளர்வாக இருக்கிறது. கழற்றிய பழைய பல்பு எரிகிற நிலையில் இருந்தால், துணியில் சுற்றி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.