வாழைப்பழத்தின் மேல் போட்ட பழி

போன ஐப்பசி அடைமழையில் எங்கள் ஹாலில் பொடிப்பொடியாகக் கருப்புப் பூச்சிகள் சுற்ற ஆரம்பித்தன. அம்மா வாழைப்பழத்தின் மேல் பழியைப் போட்டார். பழத்தை ஃபிரிட்ஜுக்குள் தள்ளியும் குறையவில்லை. ஒருநாள் மணிபிளான்ட் தொட்டியைத் தற்செயலாகத் தட்டினேன். மண்ணிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிளம்பின!

பழ ஈ என்றால் உருண்டையாக, பழுப்பாக, சிவப்புக் கண்ணோடு இருக்கும். இது குட்டிக் கொசு மாதிரி ஒல்லி, நீளக் கால். சரியாகப் பறக்கவும் வராது, மண்மேலேயே ஓடும். பெயர் ஃபங்கஸ் நேட்.

அதே செடி வாடியும் இருந்தது. தாகம் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றினேன். தப்பு. வாடின செடியைப் பார்த்தால் முதலில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றலாம். ஈரமாக இருந்தும் வாடினால் வேரில்தான் கோளாறு. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். என்னுடையதில் பாதி வேர் பழுப்பாகிச் சாக்கடை வாடை அடித்தது. மெல்ல இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்தது, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிச்சம். நர்சரியில் வெறும் கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூள்) வைத்துக் கொடுத்திருந்தார்கள். அது மேலே காய்ந்த மாதிரி காட்டும், அடியில் சொதசொதவென்று இருக்கும். அழுகியதை வெட்டிவிட்டு, செம்மண்ணும் மணலும் கலந்து மாற்றி நட்டேன்.

மற்ற தொட்டிகளில் இந்தப் பூச்சியின் புழு இருக்கிறதா என்று பார்க்க, உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி மண்மேல் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் திருப்பிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி உடம்பும் கருப்புத் தலையுமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரமண்ணின் பூஞ்சையும் மக்கலும்தான் இதற்குச் சாப்பாடு. பெருகிவிட்டால் இளம் வேரையும் கடிக்கும்.

புழு பெரும்பாலும் மேல் 2 அங்குலத்தில்தான் இருக்கும். அந்த அளவு மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். பறக்கும் பூச்சிகளைப் பிடிக்க, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொட்டியில் செருகினேன். மறுநாள் காலையில் அட்டை முழுக்க எள் தூவிய மாதிரி இருந்தது. ஆனால் ஒரு பெண் பூச்சி 200 முட்டை வரை இடும். முட்டை பூச்சியாக மூன்று நான்கு வாரம். அதனால் ஒரு மாதமாவது அட்டையை எடுக்காதீர்கள். அப்படியும் அடங்காவிட்டால் பிடிஐ (Bti) என்கிற பாக்டீரியா மருந்தைத் தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை ஊற்றலாம். கொசுப்புழுவுக்குப் போடுகிற அதே மருந்துதான். கம்பளிப்பூச்சிக்கு விற்கும் பிடி (Bt) மருந்து வேறு ரகம், இதற்கு வேலை செய்யாது.

அப்புறம், தட்டில் தேங்கும் தண்ணீரை அன்றன்றைக்கே கொட்டுங்கள். புதுச் செடி வாங்கினால் மூன்று வாரம் பால்கனியில் தனியாக இருக்கட்டும். டீத்தூள், அரிசி கழுவின தண்ணீர் எதுவும் வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்கு வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் அம்மாவோடு பெரிய வாக்குவாதம். இப்போது அரிசித் தண்ணீர் கீழே கறிவேப்பிலை மரத்துக்குப் போகிறது, முணுமுணுப்போடு.