கவிதையை மேடையில் சொல்லப் போறீங்களா?

நூலகத்திலோ சனசமூக நிலையத்திலோ நடக்கிற கவியரங்குக்குப் பெயர் குடுத்தாச்சு என்றால், முதலில் கவிதையை வேறு தாளில் மாற்றி எழுதுங்கோ. அச்சில் இருக்கிற மாதிரி அடி பிரிக்க வேண்டாம். உங்கட மூச்சு எங்கே நிற்குதோ அங்கே முறியுங்கோ. பெரிய எழுத்து, ஒரு பக்கம் மட்டும். முக்கியமான சொல்லுக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டு வையுங்கோ. அந்த இடத்தில் நிமிர்ந்து சபையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொல்.

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் 1927இல் பிறந்த ஈழத்துக் கவிஞர் 'மஹாகவி' உருத்திரமூர்த்தி, செய்யுளுக்குள்ளேயே பேச்சோசையைக் கொண்டுவந்தவர். அவருடைய கவிதை ஒன்றை வாய்விட்டு வாசித்துப் பாருங்கோ. யாப்புக் குலையாமலே, கதைக்கிற குரலில் சொல்லலாம் என்பது விளங்கும். ஒவ்வொரு அடியையும் இழுத்து இரண்டு தரம் சொல்கிற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கேட்கிற சனம் களைத்துப் போகும்.

மைக்கை வாயில் இருந்து நாலு விரல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கோ. நேரே பிடித்தால் 'ப' வருகிற இடமெல்லாம் வெடிக்கும். வெளியரங்கு என்றால் சோளகக் காற்றும் (தென்மேற்குக் காற்று) சேர்ந்து இரையும். ஸ்பொஞ்ச் உறை இருக்கா என்று ஏற்பாட்டாளரிடம் முன்னமே கேளுங்கோ.

மூன்று நிமிஷம் தந்தால் இரண்டரை நிமிஷத்துக்கே தயார் செய்யுங்கோ, கைதட்டும் நேரம் எடுக்கும். போனில் நேரம் வைத்து, எழும்பி நின்று சொல்லிப் பாருங்கோ.

நிகழ்வு ஒழுங்கு செய்கிறவர்களுக்கு: நல்லூர்த் திருவிழா 25 நாளும் பின்னேரங்களைத் தவிருங்கோ.